அம்மா ஏன் அழிக்கிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். காசிமேட்டில் மீன் எடுத்து விற்று எங்களை ஆளாக்கினார். கொஞ்ச நாளாக மறதி. பாலை அடுப்பில் வைத்தால் பொங்கி வழிகிறது. இந்த நேரத்தில் எட்டாவது பரீட்சை எழுத டியூஷன் போகிறேன் என்கிறார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். சாயந்திரம் என் மகளை யார் பார்ப்பது? ராத்திரியில் மகளின் பழைய நோட்டில் பென்சிலால் கணக்குப் போடுகிறார், விடியுமுன் ரப்பரால் அழித்தும் விடுகிறார். மூளைக்கு வேலைதான் வேண்டுமென்றால் ஒரு சுடோகு புத்தகம் போதாதா?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: தம்பி, பாலும் டியூஷனும் அப்புறம். அம்மா ஏன் அழிக்கிறார்?

நோட்டு பழசு, யாருக்கும் வேண்டாதது. இருந்தும் பெற்ற பிள்ளையின் வீட்டில் ஒரு கழித்தல் கணக்கைத் திருட்டுப் பண்டம் மாதிரி மறைக்கிறார். அதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். யாரோ சிரித்திருக்கிறார்கள். நீங்களா, மனைவியா, பேத்தியா? நீங்கள்தான் என்றால் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். ஏலத்தில் எடுத்த கூடைக்கு முதலும் வட்டியும் போக என்ன நிற்கும் என்று மனசிலேயே போட்டவருக்குக் கணக்கு தெரியாதா? தாளில் எழுதத்தான் ஆள் சொல்லித் தரவில்லை.

சுடோகு போதாது. அமெரிக்காவின் டாலஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 60 வயது தாண்டியவர்களில் ஒரு பகுதியினருக்கு டிஜிட்டல் போட்டோ எடுப்பது, ஒட்டுத் துணித் தையல் என்று பழக்கமில்லாத வேலைகளை வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு ஞாபகசக்தி தேறியது. கூடிப் பேசியவர்களுக்கும், வீட்டில் சுலபமான சொல் விளையாட்டுகளோடு இருந்தவர்களுக்கும் அந்த அளவு பலன் இல்லை. திணறித் திணறிக் கற்கவேண்டும். உங்கள் அம்மா அதைத்தான் கேட்கிறார்.

அதற்காக மறதிக்குப் படிப்பே வைத்தியம் என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே? வைட்டமின் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள், காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பட்டியலிட்டது. சிறுவயதில் படிப்பு குறைந்தது, காது மந்தம், தனிமை மூன்றும் அதில் உண்டு. முதலாவது, அவர் தம்பி தங்கைகளுக்காக ஏற்றுக்கொண்டது. மூன்றாவதை நீங்கள் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

பேத்தியோடு இருப்பது பாட்டிக்குச் சந்தோஷம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெற்றவர்களுக்கு. பெற்றவளைப் படிக்கவைப்பதும் பிள்ளையின் கடமை என்பது என் கட்சி. கோபம் வந்தால் வரட்டும்.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. விண்ணப்பத்தை நீங்களே போய்ப் போட்டுக்கொடுங்கள். சாயந்திரம் மகளை யார் பார்ப்பது என்று மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சுக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டாம். அவருக்கு டியூஷன் இருக்கிறது.