பிரெஞ்சு ஓவியர் டெலக்ரா வரைஞ்ச, பியானோ இசைக்கலைஞர் ஷோபனோட இளவயசு பென்சில் படத்தை எப்படி புரிஞ்சுக்கறது?

இது ஒரு ஸ்டடி. அதாவது பெரிய பெயின்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாரை எங்க வைக்கலாம், எப்படி வைக்கலாம்னு ஓவியர் பேப்பர்ல போட்டுப் பார்க்கறது, டெய்லர் துணிய வெட்டறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல கோடு போடுவாரே அது மாதிரி.

1838ல டெலக்ரா தன்னோட ஃப்ரெண்ட் ஷோபன் பியானோ வாசிக்கறதையும், ஜார்ஜ் சாண்ட்ங்கற பெண் எழுத்தாளர் கூட இருந்து கேக்கறதையும் ஒரே படமா பெயின்ட் பண்ண நினைச்சார், அப்போ ஷோபனுக்கு வயசு 28 தான். அதுக்கு முந்தின நூற்றாண்டுல இசைக்கலைஞர் படம்னா விக், நல்ல கோட்டு, அந்தஸ்துன்னு இருக்கும். உணர்ச்சிக்கு முதலிடம் குடுத்த ரொமான்டிக் காலத்து ஓவியர்களுக்கு வாசிக்கறப்போ அந்த ஆளுக்குள்ள என்ன நடக்குதுங்கறதுதான் முக்கியம், அதனாலதான் கோடெல்லாம் அவ்ளோ வேகமா இருக்கு. எனக்கு அந்த வேகம்தான் ரொம்பப் பிடிக்கும்.

பெயின்டிங்க டெலக்ரா முடிக்கவே இல்ல, அவர் இறந்தப்புறம் அதை ரெண்டா வெட்டிட்டாங்க, ஷோபன் இருக்கற துண்டு பாரிஸ் லூவர் மியூசியத்துல, சாண்ட் இருக்கற துண்டு டென்மார்க்ல இருக்கு. முழு காட்சியும் எப்படி இருந்திருக்கும்னு நமக்குக் காட்டறது இந்த ஸ்டடிதான்.

லூவர்ல இருக்கற ஷோபன் தலையை மட்டும் பார்த்துட்டு அவர் நோயால சோகமா இருக்கார்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆனா அது பியானோ வாசிச்சுட்டு இருக்கற மனுஷனோட முகம்.