பாறையை விடுங்கள், இடைவெளியைப் படமெடுங்கள்

கேள்வி: நாகோயாவில் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் இசே அருகே ஃபுதாமி கடற்கரைக்குப் போய், கயிற்றால் பிணைத்த 'மெயோதோ இவா' தம்பதிப் பாறைகளைப் படமெடுப்பேன். எல்லாமே அஞ்சலட்டை மாதிரி வருகின்றன. ஜப்பானிய அழகியலில் 'மா' என்கிறார்களே, அதைக் கேமராவில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: நீங்கள் போகும் இடமே அதற்கான பாடம்தான். 'மா' என்றால் இடைவெளி. அதன் எழுத்தைப் பாருங்கள்: 間. ஒரு வாசல், அதன் நடுவே சூரியன். கோடையில், ஜூன் மாத வாக்கில், அந்த இரு பாறைகளுக்கு நடுவில்தான் சூரியன் உதிக்கிறது. ஒன்பது மீட்டர் பாறையும் நான்கு மீட்டர் பாறையும் வாசற்கால்கள் மாதிரி. நீங்கள் இதுவரை வாசற்காலைத்தான் படமெடுத்திருக்கிறீர்கள்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஓவியர் ஹசெகாவா தோஹாகு பைன் மரங்களை வரைந்த மடக்குத் திரைகள் உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தவை, வெறும் மைதான். தாளின் பெரும்பகுதியில் தூரிகை படவே இல்லை. ஆனாலும் அது வெற்றுத் தாளாகத் தெரியாது, பனிமூட்டமாகத் தெரியும். மரங்கள் அதிலிருந்து வருகின்றன, அதற்குள்ளேயே போகின்றன. எனக்கு வெற்றிடம் என்பதன் பொருள் புரிந்தது அந்தத் திரைகளைப் பார்த்த பிறகுதான்.

அதனால் சூரியோதயக் கூட்டத்தை விட்டுவிட்டு, மேகம் மூடிய காலையில் போங்கள். கடலும் வானமும் ஒரே நிறமாகிவிடும், அடிவானம் மங்கிவிடும். அந்த வெளுப்பைக் கேமரா சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்கு, கூட்டி வையுங்கள். படச்சட்டத்தை நிரப்பாதீர்கள். பாறைகள் ஓரத்தில், சிறிதாக நிற்கட்டும்.

ஷட்டர் வேகத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டரை, பத்து ஸ்டாப் அளவில் போட்டால் 1/8 விநாடி இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும், கடல் பாலாடையாகிவிடும். பார்க்க அழகுதான், ஆனால் பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரும் அதோடு செத்துவிடுகிறது. என் யோசனை, அரை விநாடியில் தொடங்கி இரண்டு விநாடிக்குள் நில்லுங்கள். அலை புகுந்து வெளியேறிய தடம் மட்டும் மிஞ்சும். இடைவெளிக்கு உயிர் தருவது அதுதான். கயிற்றின் தொய்வையும் வெட்டாதீர்கள். இடைவெளியின் அகலத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அந்த வளைவு.

எடுத்ததும் கேமராத் திரையில் பாறைகளைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சிய இடத்துக்கென்று ஒரு வடிவம் தெரிகிறதா? தெரியாவிட்டால் இரண்டடி தள்ளி நின்று மறுபடி எடுங்கள்.