வீட்டில் வைத்துப் பாருங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

என் தங்கையின் மகனுக்கு ஒன்பது வயது. இரத்தப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக ஒன்றரை வருடம் அலைந்தோம். இப்போது "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்கிறார் வைத்தியர். எங்களைக் கைவிட்டுவிட்டார்களா? "எனக்கு வருத்தம் மாறாதா, பெரியம்மா?" என்று பிள்ளை கேட்கிறான். என்ன சொல்வேன்?

ஒரு வாசகி, மானிப்பாய்

அன்புள்ள தங்கைக்கு,

அந்த ஒரு வாக்கியத்தோடு மட்டும் அனுப்பிவைத்திருந்தால், கைவிட்டது போலத்தான். மருந்தும், வந்து பார்க்க ஒரு தாதியும், நடுச்சாமத்தில் அழைத்தாலும் பேச ஓர் ஆளும் இருந்தால் அதே வாக்கியம் சிகிச்சையின் தொடர்ச்சி. 1970களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஐடா மார்ட்டின்சன் என்ற தாதியியல் பேராசிரியர் இப்படித்தான் செய்துகாட்டினார்: பிள்ளையைப் பெற்றோர் பார்த்தார்கள், தாதி எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருந்தார், வைத்தியர் பின்னால் நின்று ஆலோசனை சொன்னார். வீடு வேண்டாம் என்று தயங்கும் வைத்தியர்களின் பயமும் நியாயமானது. இரத்தம் கசிந்தால், மூச்சு முட்டினால், தாய் தனியே என்ன செய்வாள்?

ஆகவே தங்கையுடன் திரும்பிப் போய்க் கேளுங்கள். இரவில் யாரை அழைப்பது? இரண்டு வேளை மருந்துக்கு இடையில் வலி வந்தால், வலியைக் குறைக்கும் மோர்பின் பாணி மருந்து எவ்வளவு கொடுப்பது? மோர்பினால் வரும் மலச்சிக்கலுக்கு என்ன மருந்து? சமாளிக்க முடியாவிட்டால் மீண்டும் வாட்டில் சேர்ப்பீர்களா? கூச்சப்படாதீர்கள். வலிக்காக வைத்தியர் அளந்து தரும் மோர்பின் பிள்ளையைப் போதைக்கு அடிமையாக்கிவிடும் என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சிறுமி இருந்தாள். ஆட்டுக்குட்டியைப் பார்க்கவேண்டும் என்றதால் கட்டிலை விறாந்தைக்கு மாற்றினார்கள். மருந்து நேரத்தைத் தாய் ஒரு பழைய கொப்பியில் எழுதிவந்தார். தூங்கும் பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் முதல் நாட்களில் இரவு இரண்டு மணி மருந்தைத் தவறவிட்டார். விடியற்காலையில் பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தாள். வலி வரும்வரை காத்திருக்கக்கூடாது என்று தாதி சொன்னபின், கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் 2.00 இருந்தது.

பிள்ளையின் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். புற்றுநோயில் பிள்ளையை இழந்த சுவீடன் பெற்றோரிடம் கேட்ட ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. சாவைப் பற்றிப் பிள்ளையுடன் பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் நூற்றுக்கு 27 பேர் வருந்தினார்கள். "உனக்கு என்ன தோன்றுகிறது, அப்பன்?" என்று முதலில் அவனிடம் கேளுங்கள். அவன் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தனியே விடமாட்டோம், நோகாமல் பார்க்க எல்லாம் செய்வோம் என்று வாக்குக் கொடுங்கள்.

கட்டிலை எங்கே போடுவது என்பதையும் அவனிடமே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா