புது மவுண்டன் பைக்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

கேள்வி: ஒரே விலையில் இரண்டு மவுண்டன் பைக்குகள் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவதில் 12 கியர். ஆனால் சுருள் ஸ்பிரிங் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கால்கள்), குயிக் ரிலீஸ் (நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சு) சக்கரங்கள். இரண்டாவதில் 10 கியர்தான். ஆனால் காற்று அழுத்தத்தில் இயங்கும் ஏர் ஃபோர்க், முன்னும் பின்னும் த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் ஊடே செல்லும் தடித்த அச்சு). பணம் சேரச் சேர பாகங்களை மாற்றிக்கொள்வேன். எதை எடுக்கலாம்?

இரண்டாவதை எடுங்கள். செயின், கேசட் (பின் சக்கரப் பல்சக்கர அடுக்கு), டயர், பிரேக் பேட் எல்லாம் ஓட ஓடத் தேய்ந்து எப்படியும் மாறப்போகிறவை. ஃப்ரேம் மாறாது. பிற்பாடு மேம்படுத்தும் எண்ணம் இருக்கிறவர் கியர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கக் கூடாது. அந்த ஃப்ரேமில் எந்தெந்த அளவுப் பாகம் உட்காரும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் ஹெட் டியூப், அதாவது ஃபோர்க் நுழையும் முன்பக்கக் குழாய். மேலே குறுகி அடியில் அகன்று இருந்தால், மேலே ஒன்றே அரைக்கால் அங்குலமாகவும் (28.6 மி.மீ.) கீழே ஒன்றரை அங்குலமாகவும் இருக்கும் டேப்பர்டு ஸ்டியரர் (ஃபோர்க்கின் மேல் குழாய்) உட்காரும். நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகின்றன. அடுத்து பின் ஆக்சில்: 148 மி.மீ. அகலமும் 12 மி.மீ. தடிமனும் உள்ள பூஸ்ட் அளவு என்றால் நாளைக்குச் சக்கரம் மாற்றுவது சுலபம். 135 மி.மீ. குயிக் ரிலீஸ் என்றால் தேர்வு சுருங்கிவிடும். சீட் டியூபின் உள்விட்டம் 30.9 அல்லது 31.6 மி.மீ. இருந்து, கேபிள் உள்ளே போக ஃப்ரேமில் துளையும் இருந்தால் டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு) போடலாம். பின் டயருக்கும் ஃப்ரேமுக்கும் இரு பக்கமும் 6 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். சேறு ஒட்டிய டயர் ஃப்ரேமின் பெயின்டை உரித்து, பிறகு உலோகத்தையும் தேய்த்துவிடும்.

ஃப்ரேம் சைஸ் தவறிவிட்டால் எந்த ஃபோர்க்கும் அதைச் சரிசெய்யாது. அதே விலைக்குப் பின் சஸ்பென்ஷனும் உள்ள பைக் கிடைக்கிறதே என்று ஆசைப்படவும் வேண்டாம். தொடக்க விலையில் அப்படி வரும் பைக்கில் ஷாக், பிவட் பேரிங், பிரேக், சக்கரம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு படி குறைத்துத்தான் அந்த விலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள்.

கேள்வி: என் பைக்கில் 100 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள சுருள் ஸ்பிரிங் ஃபோர்க். அதைக் கழற்றிவிட்டு 140 மி.மீ. ஏர் ஃபோர்க் போடலாமா?

ஏர் ஃபோர்க் போடலாம். 140 வேண்டாம்.

சுருள் ஃபோர்க்கில் உள்ள ஸ்பிரிங் ஒரு குறிப்பிட்ட எடைக்காக அமைந்தது. 55 கிலோ ஆளுக்கு அது கல்லாக இருக்கும், 95 கிலோ ஆளுக்குத் தொய்ந்துவிடும். மேலே இருக்கும் ப்ரீலோட் திருகு ஸ்பிரிங்கின் வலுவைக் கூட்டாது. ஆரம்ப அழுத்தத்தை மட்டும் மாற்றும். ஏர் ஃபோர்க்கில் பம்ப் வைத்து உங்கள் எடைக்கு ஏற்ப வலுவையே மாற்றலாம். எடையும் கணிசமாகக் குறையும். இவ்வளவுக்கு மாற்றுவது நியாயமான செலவுதான்.

ஆனால் ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஹெட் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி சாயும். 40 மி.மீ. நீண்டால் 2 டிகிரி சாய்வதோடு பெடல் இருக்கும் இடமும் உயரும், உட்காரும் நிலை பின்னால் போகும், ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை விட்டு எழும். எல்லாவற்றையும் விட, நீண்ட ஃபோர்க் ஹெட் டியூப் வெல்டிங்கில் கூடுதல் நெம்பு விசையைப் போடும். ஃப்ரேம் தயாரிப்பாளர் அனுமதித்த அளவு எதுவோ அதுதான் எல்லை. அது தெரியாவிட்டால் 120-க்கு மேல் போகாதீர்கள். டிராவலை மட்டும் பார்க்காமல், ஆக்சில் நடுவிலிருந்து கிரவுன் (இரு கால்களையும் மேலே இணைக்கும் பாகம்) அடிப்பகுதி வரையுள்ள நீளத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே டிராவல் உள்ள இரண்டு ஃபோர்க்குகளுக்குள்ளேயே இந்த நீளம் 10 மி.மீ. வேறுபடலாம்.

ஹெட் டியூப் மேலும் கீழும் ஒரே விட்டமாக, உள்விட்டம் 44 மி.மீ. இருந்தால், அடியில் வெளியே நிற்கும் கப் போட்டு டேப்பர்டு ஃபோர்க்கைப் பொருத்தலாம். அந்தக் கப்பே 10 மி.மீ.க்கு மேல் உயரம் கூட்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். உள்விட்டம் 34 மி.மீ. என்றால் டேப்பர்டு போகாது, நேர் ஸ்டியரர்தான். நேர் ஸ்டியரரும் 9 மி.மீ. குயிக் ரிலீஸும் உள்ள ஏர் ஃபோர்க்குகள் உண்டு. ராக்‌ஷாக்ஸ் ஜூடி, மானிட்டூ மார்க்கார் இரண்டும் அந்த வடிவிலும் வந்திருக்கின்றன. அவற்றைப் போட்டால் இருக்கிற முன் சக்கரத்தையே வைத்துக்கொள்ளலாம். 15×110 (15 மி.மீ. தடிமன், 110 மி.மீ. அகல ஆக்சில்) ஃபோர்க் வாங்கினால் முன் சக்கரச் செலவும் சேரும். பலர் இதை ஃபோர்க் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

ஸ்டியரரை வெட்டும்போது, ஸ்டெமுக்குக் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) கீழே 20 மி.மீ. ஸ்பேசர் வளையங்கள் நிற்கும்படி விட்டு வெட்டுங்கள். வெட்டிய முனை, எல்லாம் அடுக்கிய பின் மேல் விளிம்பிலிருந்து 3 மி.மீ. தாழ இருக்க வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை.

கேள்வி: புது பைக்கில் 130 மி.மீ. ஏர் ஃபோர்க். என் எடை 68 கிலோ. தொடர்ந்து கற்கள் வரும் இறக்கத்தில் கை மரத்துப்போகிறது. டிராவலும் முழுதாக வருவதில்லை. டேம்பரை (ஃபோர்க்கின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணெய்ப் பகுதி) மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஷாக் பம்பும் ஒரு ஸ்கேலும் போதும்.

ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகை முழுக்கத் திறங்கள். ஃபோர்க் காலில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உங்கள் எடைக்குச் சொன்ன அழுத்தத்தை ஏற்றி, பம்பைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கி எடுங்கள். உள்ளே மேல் அறைக்கும் எதிர் அறைக்கும் காற்று சமமாகப் பிரியும். மறுபடி பம்ப் வைத்தால் அழுத்தம் குறைந்து காட்டும், விட்டதை ஏற்றுங்கள். இந்தச் சமன் செய்யும் வேலையை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு எடுக்கும் எந்த அளவும் சரியாக இருக்காது. பம்பைக் கழற்றும்போது வரும் ‘புஸ்’ சத்தம் பெரும்பாலும் பம்ப் குழாயில் தங்கிய காற்றுதான். அதற்காகக் கூடுதலாக ஏற்ற வேண்டாம்.

இனி சேக் அளவு, அதாவது உங்கள் எடைக்கு மட்டும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பது. ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, சீட்டில் உட்காராமல் இரு பெடலிலும் நின்று, இறக்கத்தில் நிற்பதுபோல் முழங்கையை மடக்கி நில்லுங்கள். ஃபோர்க் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். 20 சதவீதம், அதாவது 26 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. குறைவாக இருந்தால் 3 முதல் 5 பிஎஸ்ஐ இறக்கி மறுபடி பாருங்கள்.

கை மரத்துப்போவதற்கு, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகம், மிக மெதுவாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். ஒரு கல்லில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக எழும்புமுன் அடுத்த கல் வருகிறது. அதற்குப் பிறகு இன்னொன்று. நான்காவது கல் வரும்போது ஃபோர்க் பாதி டிராவலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் காற்று ஏற்கனவே இறுகியிருப்பதால் அடி நேராகக் கைக்கு வருகிறது. இதை ‘ஃபோர்க் கடினமாக இருக்கிறது’ என்று நினைத்து மேலும் காற்றை இறக்குகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் ஃபோர்க் இன்னும் தாழத்தான் மாட்டும். சிவப்பு ரீபவுண்ட் திருகை மெதுப் பக்கம் முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பாதையில் இரண்டிரண்டு கிளிக்காகத் திறந்து ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரம் தரையில் ஒட்டாமல் துள்ள ஆரம்பித்தால் ஒரு கிளிக் திரும்ப வாருங்கள்.

சேக் சரியாக இருந்தும் கடைசி 30 மி.மீ. எப்போதுமே பயன்படவில்லை என்றால், காற்று அறைக்குள் இடத்தைக் குறைக்க வைத்திருக்கும் டோக்கன் துண்டுகளில் ஒன்றைக் கழற்றுங்கள். காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஓட்டும் இடத்தில் பெரிய குதிப்பே இல்லையென்றால் கடைசி 10 மி.மீ. வராமலிருப்பது குறை அல்ல.

இதற்குப் பிறகும் சின்னச் சின்ன அதிர்வு தெரிந்தால் கீழ்க்கால்களைக் கழற்றிப் புது எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். புதுப் பைக்கிலேயே எண்ணெய் குறைவாக இருப்பது உண்டு. ராக்‌ஷாக்ஸ் இந்த வேலைக்குச் சொல்லும் இடைவெளி 50 மணி நேர ஓட்டம்.

கேள்வி: ஒரே ஒரு பாகத்துக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது. எதை மாற்றினால் வித்தியாசம் தெரியும்?

டயர். முன் டயர் மட்டும் மாற்றினாலும் போதும். மென்மையான ரப்பர், 2.4 அங்குல அகலம், ஓரங்களில் உயரமான கட்டைகள் உள்ளதாகப் பாருங்கள். ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ்ஸுக்கு உரியவை என்றால் கூடவே ட்யூபையும் எடுத்துவிடுங்கள். 70 கிலோவை ஒட்டிய எடைக்கு முன்னால் 20–22, பின்னால் 23–25 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். ட்யூப் இருந்தால் இந்த அழுத்தத்தில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும்.

29 அங்குல டயருக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். சில மாதங்களில் அது உலர்ந்துவிடும். வால்வு வழியாக ஒரு குச்சி விட்டுப் பார்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும். ட்யூப்லெஸ் சரியாக நிற்காத பெரும்பாலான இடங்களில் குற்றம் ரிம் டேப்பில்தான். ரிம்மை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, டேப்பை இழுத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை மூடும்படி ஒட்டுங்கள். வால்வுத் துளையைக் கத்தியால் கீறாமல் கூரான ஊசியால் குத்துங்கள்; கீறினால் அங்கிருந்து கிழியும்.

கேள்வி: முன்னால் 42-32-22 என மூன்று பல்சக்கரம், பின்னால் 8. முன்னால் ஒன்று மட்டும் வைத்து 10 கியராக மாற்றினால் ஏற்றம் கஷ்டமாகுமா?

ஆகாது. பின்னால் பெரிய பல்சக்கரம் 32 என்றால் உங்கள் மிக லேசான கியர் 22/32, அதாவது 0.69. முன்னால் 32, பின்னால் 11–46 போட்டால் 32/46, அதாவது 0.70. இழப்பது உச்ச வேகத்தில்தான்: 3.8 இருந்த இடத்தில் 2.9. காட்டுப் பாதையில் அது தேவைப்படாது. சாலையில் நிறைய ஓட்டுபவர் யோசிக்க வேண்டும்.

பின் சக்கரத்தை முதலில் பாருங்கள். பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி பொருந்தும் பள்ளங்களும் கூடவே சுற்றினால் அது கேசட். அசையாமல் நின்றால் திருகி ஏற்றும் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் புது ஹப் அல்லது புதுச் சக்கரம் வேண்டியிருக்கும். ஷிஃப்டரும் டெரெய்லரும் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) ஒரே குடும்பமாக இருக்கட்டும்; இழுக்கும் கேபிள் அளவு வேறுபட்டால் கியர் ஒருபோதும் சரியாக விழாது. முன் பல்சக்கரம் கனம்-மெலிவு பல் மாறிமாறி உள்ளதாக இருக்க வேண்டும். கிராங்கில் பல்சக்கரங்கள் ரிவெட் அடித்தவை என்றால் கிராங்கையே மாற்றுங்கள். டெரெய்லர் தொங்கும் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அளவுக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 46 பல் வரை ஏற வேண்டிய இடத்தில் சிறு வளைவும் தொல்லை தரும்.

கேள்வி: பிரேக் போதவில்லை. நான்கு பிஸ்டன் காலிப்பர் வாங்கட்டுமா?

முதலில் 160 மி.மீ. ரோட்டாரை 180 ஆக்குங்கள். பிடிக்கும் விசை எட்டில் ஒரு பங்கு கூடும். தேவைப்படுவது ரோட்டாரும் ஓர் அடாப்டரும் மட்டும். ஃபோர்க்கும் ஃப்ரேமும் அனுமதிக்கும் உச்ச அளவைப் பாருங்கள். ரோட்டாரில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் போடாதீர்கள். புதுப் பேட் பழகும்வரை, மிதமான வேகத்திலிருந்து முழுதும் நிற்காமல் இருபது தடவை அழுத்தி வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி: 140 மி.மீ. பின் டிராவல் உள்ள பைக்கில் ஏர் ஷாக்கை எடுத்துவிட்டு சுருள் ஷாக் போடலாமா?

ஃப்ரேமைப் பொறுத்தது. ஷாக் அளவு 210×55 (நீளம் 210, ஸ்ட்ரோக் எனப்படும் அமுங்கும் தூரம் 55 மி.மீ.) என்றால் சராசரி நெம்பு விகிதம், அதாவது ஷாக் 1 மி.மீ. அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு நகர்கிறது என்பது, 140-ஐ 55-ஆல் வகுத்தால் 2.55. சராசரி போதாது, தொடக்கத்திலும் முடிவிலும் எவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். தொடக்கத்தில் 2.9, முடிவில் 2.2 என்று குறைந்தால் சுருள் நன்றாக வேலை செய்யும். மாற்றமே இல்லாமல் நேர்கோடாக இருந்தால், ஏர் ஷாக்கில் கடைசியில் தானாக வரும் இறுக்கம் சுருளில் இல்லாததால், ஒவ்வொரு குதிப்பிலும் அடி தட்டும். ஷாக்கை நீண்ட கவை மூலம் பிடித்திருக்கும் ஃப்ரேம்களில் சுருள் ஷாக்கின் தண்டுக்குப் பக்கவாட்டு விசை ஏறி அது வளையவோ உடையவோ கூடும். தயாரிப்பாளர் ஒப்புதல் இல்லாமல் அங்கே போடாதீர்கள்.

நீளமும் ஸ்ட்ரோக்கும் பழையதைப் போலவே இருக்கட்டும். பொருத்திய பிறகு, ஸ்பிரிங் போடாமல் பின் சக்கரத்தை முழு டிராவலுக்கும் தூக்கி, டயர் சீட் டியூபில் முட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் போட்டு, அதை இறுக்கும் திருகு வளையம் (காலர்) அதைத் தொட்டபின் ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் இறுக்கினால்தான் 30 சதவீத சேக் வருகிறது என்றால், அடுத்த வலுவுள்ள ஸ்பிரிங் வாங்க வேண்டும்.