மெட்டலர்ஜி எடுக்கலாமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம். கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தாலும் வேண்டாம், மெட்டலர்ஜிதான் (உலோகவியல்) படிப்பேன், அணு உலை எஃகை ஆராயப் போகிறேன் என்று மகள் பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "இரும்பைப் பற்றிப் படிக்க இன்னும் என்ன பாக்கி?" என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கே முதலில் வருகிறேன்.

அணு உலைகளில் ஒரு வகை, கொதிக்காதபடி அழுத்தத்தில் வைத்த நீரால் குளிர்விக்கும் அழுத்த நீர் உலை. அதில் எரிபொருளை வைக்கும் கலன் சுமார் 20 செ.மீ. கனமுள்ள எஃகு. உள்ளே 300 டிகிரியை ஒட்டிய வெந்நீர், காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தம். இதெல்லாம் அது தாங்கும். ஆனால் எரிபொருளிலிருந்து வரும் நியூட்ரான்கள் வருடக்கணக்கில் மோதி எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கின்றன. எஃகில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் செம்பு நுண்ணிய திரள்களாகச் சேர்கிறது. முன்பு வளைந்து கொடுத்த எஃகு இப்போது சட்டென்று முறியும் குணத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் அவசரத்துக்குக் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால், சூடான அரிக்கேன் சிம்னியில் தண்ணீர் தெறித்த கதைதான். உள்ளே சிறு விரிசல் இருந்தால் அது சட்டென்று நீண்டுவிடும்.

பழைய உலைகளில் வெல்டிங் கம்பி துருப்பிடிக்காமலிருக்கச் செம்பு பூசினார்கள். அந்தச் செம்பே பின்னாளில் வெல்டிங் இணைப்புகளின் பலவீனமானது. அமெரிக்காவில் யாங்கி ரோ உலையை 1992-ல் நிரந்தரமாக மூடியதற்குக் கலன் நொறுங்கும் தன்மை பற்றிய கவலை ஒரு முக்கியக் காரணம். 2002-ல் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி உலையில் நடந்தது வேறு: கசிந்த நீரிலிருந்த போரிக் அமிலம் கலன் மூடியின் எஃகை 15 செ.மீ.க்கு மேல் அரித்துவிட்டது. உள்பக்கம் பூசியிருந்த, ஒரு செ.மீ. கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகுதான் அழுத்தத்தைத் தாங்கி நின்றது.

இதையெல்லாம் கண்காணிப்பதுதான் உங்கள் மகள் ஆசைப்படும் வேலை. அதே எஃகில் வெட்டிய துண்டுகளைத் தொடக்கத்திலேயே கலனுக்குள் வைத்துவிடுவார்கள். சில ஆண்டுகள் கழித்து எடுத்து, 55 மி.மீ. நீளத் துண்டில் உள்ள வெட்டுக்கு நேர் பின்னால் ஊசல் சுத்தியலால் அடித்து, முறிய எவ்வளவு ஆற்றல் பிடிக்கிறது என்று அளப்பார்கள். கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறீர்கள், நியாயம்தான். அந்தத் துண்டுகளை யாரும் கையால் தொடுவதில்லை. கனத்த சுவருக்கு அப்பாலிருந்து எந்திரக் கைகளால்தான் கையாளுவார்கள். நுண்ணோக்கி, கணினி வழி ஆய்வு என்று இருப்பவர்களும் நிறைய.

சரி, வழி? ஜே.இ.இ. மெயின் எழுதினால் திருச்சி என்.ஐ.டி.; பொறியியல் கலந்தாய்வில் சேலம் அரசு பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. அப்புறம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி. கல்பாக்கத்திலும் உலோக ஆராய்ச்சி நடக்கிறது. அணுத்துறையில் இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பாய்லர், சுத்திகரிப்பு ஆலைக் குழாய், டர்பைன் எல்லாவற்றிலும் எஃகு களைத்துப்போகிறது. அங்கேயும் இதே படிப்புதான் கேட்பார்கள்.

என் கருத்து, தாராளமாகச் சேருங்கள். விருப்பப் பட்டியல் பதிவு செய்யும் முன் மகளோடு ஒருமுறை வாருங்கள். இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பார்த்து வரிசையைச் சேர்ந்தே போடலாம்.