இருநூறு படங்களைச் சுருக்க போட்டோஷாப் வேண்டாம்

கைப்பேசியில் எடுத்த 4000 × 3000 பிக்சல் படங்கள் இருநூறை மின்னஞ்சலில் அனுப்பச் சிறிதாக்க வேண்டும், ஒவ்வொன்றாகத் திறந்து சேமித்து அலுத்துவிட்டது என்கிறீர்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பை நிறுவுங்கள். அதிலுள்ள இமேஜ் ரீசைசர் போதும். கோப்புறையில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, அளவைச் சொன்னால் முடிந்தது. மூலப்படம் அப்படியே இருக்கும், சிறிய நகல் பக்கத்திலேயே உருவாகும். மூலத்தையே மாற்றும் தேர்வும் அங்கே உண்டு, அதைத் தொடாதீர்கள்.

ஒரு விஷயம் குழப்பும். நடுத்தர அளவு 1366 × 768 என்று காட்டும், ஆனால் உங்கள் படம் 1024 × 768 ஆகத்தான் வரும். பிழை இல்லை. விகிதம் கெடாமல் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்குகிறது. நீட்டிப் பொருத்தும் தேர்வைப் போட்டால் முகங்கள் எல்லாம் அகலமாகிவிடும்!

பெயரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? அப்போது இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள். திறந்து பி (B) விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். பார்க்கப் பழசாக இருக்கும், வேகத்தில் குறை சொல்ல முடியாது. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்.

மேக் என்றால் எதையும் நிறுவ வேண்டாம். படங்களின் நகல்களை பிரிவ்யூவில் ஒன்றாகத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவில் அளவை மாற்றுங்கள். நகல் என்று சொல்வதற்குக் காரணம், அது திறந்த கோப்பிலேயே சேமித்துவிடும்.