நான்கு பக்கமும் சுற்றி வராமல் எழுதாதீர்கள்

கட்டடப் பொறியாளர் பதில்கள்

கேள்வி: காட்டுத்தீ ஓய்ந்த மறுநாளே எந்த வீடு எரிந்தது, எது நிற்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துவிடுகிறது. அப்புறமும் ஆட்கள் வீடு வீடாக நடந்துபோய் எழுதுவது எதற்கு?

பதில்: படம் கூரையைத்தான் காட்டும். கூரை விழுந்திருந்தால் வீடு போய்விட்டது என்று மேலிருந்தே சொல்லிவிடலாம். சாலை திறக்காத நாட்களில் வேறு வழியும் இல்லை. கூரை அப்படியே நிற்கும் வீட்டில்தான் சிக்கல்.

இந்த வேலைக்கு வந்த புதிதில், அன்றைய கணக்கை முடிக்கும் அவசரத்தில் ஒரு வீட்டை வண்டியில் இருந்தபடியே பார்த்து ‘சேதமில்லை’ என்று குறித்துவிட்டேன். முன்சுவர் வெள்ளையாக இருந்தது, சன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. மறுநாள் அந்த வீட்டு அம்மா என்னைத் தேடி வந்து, ஒன்றும் பேசாமல் வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். இறவாணத்துக்கு, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்புக்கு அடியில் காற்றுத்துளையின் கம்பிவலை கருகிப் பிய்ந்திருந்தது. அந்த வழியாகக் கங்கு புகுந்து, பரணில் கூரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் மூன்றைப் பாதி ஆழத்துக்குத் தின்றிருந்தது. எப்படியோ தானாக அணைந்திருக்கிறது. நான் எழுதிய ஒரு சொல்லை நம்பி, முந்தின இரவு அவர் அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தார். அன்றிலிருந்து நான்கு பக்கமும் சுற்றி வராமல் எந்த வீட்டின் படிவத்தையும் நான் மூடியதில்லை.

காட்டுத்தீயில் பல வீடுகள் எரிவது நெருப்புச் சுவர் வந்து மோதுவதால் அல்ல, காற்றில் பறந்துவரும் கங்குகளால். காற்றுத்துளை, கூரையோர மழைநீர்க் காலில் தேங்கிய சருகு, சுவரை ஒட்டிய மரவேலி, மரத் திண்ணை, கதவடியில் கிடக்கும் மிதியடி என்று கங்குக்கு ஒரு இடம் கிடைத்தால் போதும். ஒரு வீடு பற்றிவிட்டால் அதன் வெக்கையே அடுத்த வீட்டைக் கொளுத்தும். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைத் தீ விழுங்கியபோது 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, 85 பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் படங்களில் வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, நடுவே மரங்கள் பச்சையாக நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் எரிந்த வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது, ஒரு வீடு தப்புமா என்பதைப் பெரிதும் தீர்மானித்தது என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். தப்பிய வீடுகளின் விவரமும் கையில் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது. எரிந்ததை மட்டும் எண்ணினால் எத்தனை போயிற்று என்பதோடு கணக்கு நின்றுவிடும். ஏன் போயிற்று என்பது தெரியாது.

கலிஃபோர்னியாவின் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது. சேதம் 1 முதல் 9 சதவீதம் என்றால் ‘பாதிப்பு’, 10 முதல் 25 என்றால் ‘சிறு சேதம்’, 26 முதல் 50 வரை ‘பெரும் சேதம்’, அதற்கு மேல் ‘அழிந்தது’. அதோடு கூரை எதனால் ஆனது, இறவாணம் மூடியதா திறந்ததா, காற்றுத்துளை வலையின் கண் எவ்வளவு, சன்னலில் கண்ணாடி ஒற்றையா இரட்டையா, வேலி வீட்டைத் தொட்டிருந்ததா என்றெல்லாம் கட்டம் இருக்கும். என்னைக் கேட்டால், சதவீதத்தைவிட இந்தக் கட்டங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். காற்றுத்துளையில் 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை போடுங்கள், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை எரியும் பொருள் எதுவும் வைக்காதீர்கள் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், யாரோ சாம்பலுக்குள் நடந்து இவற்றையெல்லாம் எழுதி வைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

கேள்வி: தீயில் அகப்பட்ட கான்கிரீட் சுவர் உறுதியாகத்தான் தெரிகிறது. அதன் மேலேயே திரும்பக் கட்டலாமா?

பதில்: பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. முதலில் நிறத்தைப் பாருங்கள். 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேறிய கான்கிரீட், உள்ளே இருக்கும் ஜல்லியைப் பொறுத்து, இளஞ்சிவப்பாக மாறும். அந்தச் சூட்டுக்கு மேல் இழந்த வலு ஆறிய பிறகும் திரும்புவதில்லை. அடுத்தது சுத்தியல். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்திருந்தால் பொத்தென்று கேட்கும். சுற்றிக் கிடப்பவையும் சாட்சி சொல்லும். அலுமினியச் சட்டம் உருகி வழிந்திருந்தால் அந்த இடம் 600 டிகிரியைத் தாண்டியிருக்கிறது என்று பொருள். இரும்புக் கம்பி ஏறக்குறைய 600 டிகிரிச் சூட்டில் இருக்கும்போது பாதி வலுவை இழந்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்தே தீர வேண்டும். செலவுதான், ஆனாலும் அடித்தளத்தில் ஊகம் வேண்டாம். குப்பையை அள்ளுவதற்கு முன்பே இதையெல்லாம் படம் எடுத்து வையுங்கள், அள்ளிய பிறகு சாட்சி இருக்காது.

கேள்வி: என் அண்ணன் வீடு தப்பிவிட்டது. புகை வாடை மட்டும் இருக்கிறது. குடிபோகலாமா?

பதில்: உங்கள் அண்ணன் வீடு நிற்பதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் பகல் வெளிச்சத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று வரச் சொல்லுங்கள். அப்புறம் டார்ச்சுடன் பரணைப் பார்க்கட்டும். பழைய வீடுகள் எரிந்த சாம்பலில் ஆஸ்பெஸ்டாஸும் ஈயமும் இருக்கலாம். அதனால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கட்டும்.

குழாய்த் தண்ணீரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பக்கத்து வீடுகள் எரியும்போது குழாய்களில் அழுத்தம் விழுந்து, புகையும் உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து வரும் நச்சும் உள்ளே இழுக்கப்படலாம். 2017 தீக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவிலும், அடுத்த ஆண்டு பாரடைஸிலும் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், பென்சீன் ஆவியாகி வீட்டுக் காற்றில்தான் கலக்கும். தண்ணீர் வழங்குபவர்கள் சோதனை முடிவு சொல்லும்வரை குடிக்க, சமைக்க, குழந்தைகளைக் குளிப்பாட்ட வெளியிலிருந்து தண்ணீர் கொண்டு வரட்டும்.